முக்குளிப்பவர் கவனத்திற்கு

மூச்சை அடக்கக் கூடாது. கூட வந்தவரை விட்டு விலகக் கூடாது. முங்கி எழுந்தவர் ஒரு நாள் முழுக்க விமானம் ஏறக் கூடாது.

மால்டாவின் பாறைக் கரையில் பயிற்சியாளர் விதிகளைச் சொல்லி முடித்தார். அவளுடைய ரப்பர் உடையின் முதுகு ஜிப்பைக் கணவன் போஸ் இழுத்துவிட்டபோது அவள் போன் அடித்தது.

அண்ணன். தாராபுரத்திலிருந்து. நாலு வருஷத்துக்குப் பிறகு.

"பாப்பா, அப்பா போயிட்டாரு. ஐஸ் பெட்டியில வெச்சிருக்கறம். நாளைக்குப் பொழுது எறங்கற வரைக்கும் பாக்கறம், வந்துரு."

அண்ணனே தொடர்ந்தார்.

"நீ மட்டும் வா. சொந்தக்காரங்கெல்லாம் வந்திருக்கறாங்க. அவரு வேண்டாம்."

அந்த 'அவர்', போஸ், பக்கத்தில்தான் நிற்கிறார். அண்ணனுக்கோ ஊருக்கே கேட்கிற குரல்.

அப்பாவைப் பெட்டிக்குள் படுக்கவைத்துவிட்டு, சாதிக்குச் சேர் போட்டு உட்காரவைத்திருக்கிறார்கள்.

வரமாட்டேன் என்றால் போஸ்தான் தடுத்தான் என்பார்கள். அந்தப் பழியையும் அவன் தலையில்தான் கட்டுவார்கள்.

"அண்ணா, இப்பத்தான் கடல்ல முங்கி எந்திரிச்சேன். முங்குனா ஒரு நாளைக்கு பிளைட் ஏறக் கூடாது. ரத்தத்துல காத்துக் குமிழி வந்துரும். உசுருக்கே ஆபத்து."

அவள் உடையில் ஒரு சொட்டு ஈரமில்லை.

அண்ணன் நம்பினார். "வர முடியாதாமா" என்று யாரிடமோ சொன்னார். குரலில் துக்கமில்லை. அப்பாடா என்றிருந்தது.

போனை வைத்தாள்.

அப்பாவைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. கல்யாணத்தன்றே அவளைத் தலைமுழுகிய மனுஷன்தான். ஆனாலும் அப்பா.

"சாயந்தரம் பிளைட் இருக்கும். நீ போயிட்டு வந்துரு" என்றான் போஸ். "நான் இங்கயே இருந்துக்கறேன்."

கோபமில்லாமல் சொன்னான். வாசலுக்கு வெளியே நின்று பழகியவன். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

சாயந்தரம் வரை கரையில் இருந்தால் போய்விடுவாள். அது அவளுக்கே தெரியும்.

சிலிண்டரை மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தாள். போஸ் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டான். திரும்பவில்லை.

கழுத்தளவு வந்ததும் பயிற்சியாளர் கட்டைவிரலைக் கீழ்நோக்கிக் காட்டினார். இறங்கலாமா என்று கேட்கிறார்.

நாளை இந்நேரம் அப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பார்கள்.

அவளும் கட்டைவிரலைக் கீழே காட்டினாள்.