தேய்ந்த தட்டு

ஃபிலோமினாவின் கணவர், ஜாஸ் பைத்தியமான ரொசாரியோ இறந்த மறுமாதம், அவருடைய இசைத்தட்டுகளைப் பார்க்க ஒரு சேகரிப்பாளர் வந்தார். அலமாரியின் அடியில் கிடந்த ஒரு தட்டை எடுத்துச் சுழலவிட்டார். ஃபிலோமினா தன் இருபத்திரண்டு வயதுக் குரலைக் கேட்டாள். ஹோட்டல் இசைக்குழுவில் அவள் பாடிக்கொண்டிருந்தபோது பதிவான பாட்டு. குரல் தேறவில்லை, கம்பெனி தட்டு போடவில்லை என்று அன்று கம்பெனிக்குப் போய்விட்டு வந்து சொன்னவர் ரொசாரியோதான். அதன்பிறகு அவள் பாடவேயில்லை; அவரைக் கல்யாணம் செய்துகொண்டாள்.

"இது வேற யார்கிட்டயும் இல்லம்மா. ஆனா ரொம்பத் தேஞ்சிருக்கு. ஆயிரம் தடவையாவது கேட்டிருப்பாரு" என்றார் வந்தவர்.

ஞாயிறுதோறும் தலைவலி என்று சொல்லி, அவளை மட்டும் பூசைக்கு அனுப்பிவிட்டு, அவர் வீட்டிலேயே இருந்துகொண்டது நினைவுக்கு வந்தது.

"பாடினவங்க யாருன்னு தெரியுமாம்மா?"

ஃபிலோமினா முள்ளைத் தூக்கி மறுபடி முதலிலிருந்து வைத்தாள்.

"பேசாம கேளுங்க" என்றாள்.