விளம்பரம் வராத போன்

“எல்லாரும் இன்னும் பத்து வருஷம் ஆகும்னு எழுதியிருக்காங்க. நீ மட்டும் ஏண்டா ‘வந்தாச்சு’ன்னு எழுதியிருக்கே?”

அக்கா கணினித் திரையைத் தம்பி பக்கம் திருப்பினாள். செல்போன் தொழில்நுட்பம் எந்தப் பக்கம் போகும் என்று நிபுணர்களைக் கேட்டு, தொகுத்து, வியாபாரிகளுக்குத் தருவது அவள் அலுவலகத்தின் தொழில். ஊரோடு ஒத்துப்போகாத பதில் வந்தால், எழுதியவரை உட்காரவைத்துக் காரணம் கேட்டாக வேண்டும். இந்த முறை மாட்டிக்கொண்டது கூடப் பிறந்தவன்.

கேள்வி இதுதான்: ‘வைத்திருப்பவரின் மரணத்தை முன்கூட்டியே அறியும் போன் எப்போது வரும்?’

“ஒரு போனைப் பார்த்தேன்க்கா. அதுல ஒரு வாரத்து மெசேஜ்ல ஒரு விளம்பரம்கூட இல்லை. சோப்பு, செருப்பு, லோன், எதுவுமே.”

“குடுத்து வெச்ச ஆளு! நிம்மதியாத் தூங்கலாம்.”

அவன் சிரிக்கவில்லை. “நடை, மூச்சு, தூக்கம் எல்லாம் போனுக்குத் தெரியும். அது கடைக்காரனுக்குச் சொல்லிடுது. வாங்கறதுக்கு இருக்கமாட்டாங்கன்னு தெரிஞ்சா எவன் காசு போட்டு விளம்பரம் அனுப்புவான்?”

தம்பியின் முகம் வெளுத்திருந்தது.

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். “எந்திரிடா. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போறோம்.”

“நீயும் வருவியா?”

“வராம? தனியா விட்டா பாதி வழியில டீக்கடையில உக்காந்துடுவே.”

படியில் அவன் நின்று நின்று இறங்கினான். இந்த வயதில் இவனுக்கா என்று நினைத்தபடி அவள் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வரவேற்பறையில் அவன் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அடங்கவில்லை, மறுபடியும், மறுபடியும். அவள் பிடுங்கிப் பார்த்தாள்.

‘புகைப்படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டுத் தருகிறோம்.’

‘வெள்ளை மலர் வளையம், வீட்டு வாசலுக்கே.’

‘தனிமையா? பேச்சுத் துணைக்கு நாங்கள்.’

எழுத்துகள் கண்ணில் பட்டன, மனதில் ஏறவில்லை.

“அட லூசு! வரிசைகட்டி வருதே விளம்பரம்! ஒரு நிமிஷத்துல உயிரை எடுத்துட்டியேடா!” சிரிப்பும் அழுகையுமாக அவன் முதுகில் ஓர் அடி வைத்தாள்.

“நோயாளி யாருங்க?” என்று கேட்டாள் வரவேற்பில் இருந்த பெண்.

தம்பி அக்காவின் தோளைப் பிடித்து, மெல்ல நாற்காலியில் உட்காரவைத்தான்.

“போட்டோ எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாத்தித் தரச் சொல்லி, ஞாயித்துக்கிழமை உன் போனை என்கிட்ட குடுத்தேல்லக்கா? அதுலதான் பார்த்தேன்.”