காலையிலிருந்து விழுகிறாள்

வெளிநாட்டில் பனிச்சறுக்கு விடுதிக்கு சீசன் வேலைக்குப் போன மகள் வீடியோ காலில் வந்தாள். கோட்டெல்லாம் பனி.

"மறுபடியும் விழுந்தியாடி?"

"காலையிலேர்ந்து விழுந்துக்கிட்டேதான்மா இருக்கேன்."

அம்மா போனை முகத்துக்குப் பக்கத்தில் இழுத்தாள். "போய் ஒரு மாசமாச்சு, இன்னுமா நிக்கத் தெரியல? கையக் கால உடைச்சுக்காம கிளம்பி வந்துடு. பார்க்கிறவங்க சிரிக்க மாட்டாங்க?"

"சிரிக்கிறாங்களே! இரு, காட்டுறேன்."

போன் தோழியின் கைக்கு மாறியது. சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு பொடிசுகள் வரிசையாக நின்றிருந்தன. மகள் பக்கவாட்டில் சாய்ந்து பொத்தென்று விழுந்தாள். மொத்த வரிசையும் அவளைப் போலவே விழுந்து, சிரித்தபடி எழுந்தது.

"அடிபடாம விழறதுதான்மா இங்க முதல் பாடம். இன்னிலேர்ந்து நான்தான் டீச்சர்!"

அம்மா உள்ளே திரும்பிக் கத்தினாள்.

"ஏங்க, சீக்கிரம் வாங்களேன்! நம்ம பொண்ணு எவ்வளவு அழகா விழறா பாருங்க!"