கண்ணீர் அஞ்சலி, பத்துக்கு எட்டு

செஞ்சி பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்த பேனர் கடைக்குப் பாண்டுரங்கன் காலையிலேயே வந்துவிட்டார். அவர் வீட்டுக் காதணி விழா, மஞ்சள் நீராட்டு எல்லாவற்றுக்கும் பேனர் அடித்துச் சுமந்து போனவர் அவர்தான்.

“இந்த வாட்டி இன்னா விசேஷம் பெரியப்பா?” என்றாள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பாரதி.

“கண்ணீர் அஞ்சலிம்மா. பத்துக்கு எட்டு.”

“அய்யய்யோ, யாருக்கு?”

“எங்க வீட்ல ஒருத்தரு. கல்யாணம் கட்டல. அண்ணன் புள்ளைங்கள ஸ்கூலுக்கு இட்டுனு போனது, அண்ணிக்கு ஆஸ்பத்திரியில துணைக்குப் படுத்தது, எல்லாம் அவருதான்.”

நீட்டிய படத்தில் கறுத்த மீசையோடு ஒரு வாலிபன் இருந்தான்.

“ரொம்பப் பழைய போட்டோவா இருக்குதே?”

“இதுலதான் தனியா நிக்கிறாரு. மத்ததுல எல்லாம் பந்தியில சாம்பார் வாளியோட இருக்காரு.”

பாரதி அந்தப் படத்தை நடுவில் பெரிதாக வைத்தாள்.

“சின்னதாக்கும்மா. அண்ணன் மவன் இளவரசன் படத்தைப் பெருசா போடு. கீழ ‘வருங்கால சேர்மன்’னு எழுது. மத்தவங்க மூஞ்சியும் பளிச்சுனு தெரியணும். இல்லாட்டி பேனரைக் கட்ட மாட்டாங்க.”

“செத்தவரு ஸ்டாம்பு சைஸுக்குப் போயிட்டாரே!”

“அவரு எப்பவும் ஓரமாதான் நிப்பாரு.”

“சரி, மறைவு தேதி சொல்லுங்க.”

“அதை மட்டும் காலியா விட்டுடு. பின்னாடி ஸ்டிக்கர் ஒட்டிக்கலாம்.”

பாரதி படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“பெரியப்பா... இது நீங்களா?”

“பாவம், அண்ணன் புள்ளைங்களுக்கு இந்தக் கடை எங்க இருக்குதுன்னே தெரியாதும்மா. எங்க வீட்டு பேனருக்கு என்னிக்கும் நான்தானே வருவேன்?”