ராசியான கட்டில்

"கட்டிலை இனாமாவே குடுக்கறாங்களேன்னு பூரிச்சுப் போனேன் மேடம். அடியில தறிக்குழி இருக்குதுன்னு நான் என்ன சொப்பனமா கண்டேன்?"

ஜீவகுமார் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணில் சொட்டு ஈரம்கூட இல்லை என்பதை எதிரில் உட்கார்ந்திருந்த சுகாசினி கவனித்தாள். பிள்ளையார்பாளையத்து வீட்டை அவருக்கு விற்றவள் அவள்தான்.

வீட்டை நேரில் பார்த்து அறிக்கை தரும்படி கோர்ட் நியமித்திருந்த வழக்கறிஞர் கிரேஸ், தன் அலுவலக மேசைக்குப் பின்னாலிருந்து, "நடந்ததைச் சொல்லுங்க" என்றார்.

"கூடத்துல பெரிய தேக்குக் கட்டில் மேடம். 'இது ராசியான கட்டில், இடத்தை விட்டு நகர்த்தாதீங்க'ன்னாங்க இந்தம்மா. ஒரு நாள் தரை துடைக்கலாம்னு நகர்த்தினோம். அந்த இடத்துல என் மாமியார் சேர் போட்டு உக்காந்தாங்க. சேரோட உள்ள போயிட்டாங்க!"

கிரேஸ் சிரிப்பை இருமலாக்கி மறைத்தார்.

"பார்த்தா, தறி நெய்யறவங்க காலைத் தொங்கவிட்டுக்கினு உக்கார்ற குழி! குப்பையைக் கொட்டி மேல டைல்ஸ் ஒட்டியிருக்காங்க. எறும்பைக்கூட மிதிக்காத குடும்பம் மேடம் நாங்க. வாங்கறவன் தலையில இப்படி மிளகாய் அரைக்கலாமா? வீடே வேணாம். பணத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்க!"

"நெசவாளி வீட்டுல தறிக்குழி இல்லாம நீச்சல் குளமா இருக்கும்?" என்றாள் சுகாசினி.

வாய்தான் அப்படிப் பேசியதே தவிர, உள்ளுக்குள் பயம்தான். வீட்டை விற்று வந்த பணம் மொத்தத்தையும் புது ஃபிளாட்டில் போட்டாயிற்று. தீர்ப்பு ஜீவகுமார் பக்கம் போனால் அதை விற்றுத்தான் கொடுக்க வேண்டும். கட்டிலின் ராசியோ, வீட்டைக் காட்டிய நிமிடத்தில் அவளே இட்டுக்கட்டியது.

"சரி, கிளம்புங்க. பக்கத்துலதானே இருக்குது, இப்பவே பார்த்துடலாம்" என்று கிரேஸ் எழுந்தார்.

ஜீவகுமாரின் முகம் சுண்டிப் போனது. "இப்பவா? வேணாம் மேடம், ஆபத்து! கால் வெச்சா உள்ள போயிடும். போட்டோவெல்லாம் குடுத்திருக்கேனே."

"ஓரமா நின்னு பார்க்கறேன்."

"சாவி தென்னேரியில, மாமியார் வீட்டுல கெடக்குதே."

"அப்போ ஜன்னல் வழியா பார்க்கறேன். வாங்க."

ஆட்டோவில் ஜீவகுமாருக்கு வியர்த்துக் கொட்டியது. குழிக்குள் விழுந்த மாமியாருக்குக்கூட இவ்வளவு வியர்த்திருக்காது என்று சுகாசினி நினைத்தாள். நடுங்க வேண்டியவள் அவள். இந்த மனுஷன் எதற்கு நடுங்குகிறார்? குழி எங்கேயும் ஓடிப்போயிருக்காது என்பது அதை மூடியவளுக்குத் தெரியாதா?

வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. பூட்டு இல்லை. கதவு விரியத் திறந்திருந்தது. நிலைப்படியில் மாவிலைத் தோரணம் இன்னும் வாடாமல் தொங்கியது.

உள்ளேயிருந்து ஓர் இளம்பெண் வந்தாள். ஜீவகுமாரைக் கண்டதும் அவள் முகமெல்லாம் பல்லானது.

"அடடே, வாங்க சார்! நேத்து கிரகப்பிரவேசத்துக்கு வருவீங்கன்னு பார்த்துக்கினே இருந்தோம்!"

ஜீவகுமார் ஆட்டோவை விட்டு இறங்கவேயில்லை.

"நீங்க யாரும்மா?" என்றார் கிரேஸ்.

"அமுதா மேடம். சார்கிட்டயிருந்து இந்த வீட்டை வாங்கினது நாங்கதான்." அவள் மறுபடி ஆட்டோப் பக்கம் குனிந்தாள். "கூடத்துலதான் பால் காய்ச்சினோம் சார். பொங்கின பால் நேரா கட்டிலுக்கு அடியில ஓடிப்போச்சு! நீங்க சொன்னது நெசந்தான், அது ராசியான கட்டிலேதான். இடத்தை விட்டு நாங்க நகர்த்தவே மாட்டோம்!"