பழைய பம்பர் எங்கே?

காரைச் சுற்றி வந்த வாடிக்கையாளருக்கு முகம் சிவந்துவிட்டது.

"எங்கப்பா ஓட்டின கார்ம்மா இது. பழைய பம்பரைத் தேச்சுக் குடுங்கன்னா, புதுசை மாட்டிட்டு என் காதுல பூ சுத்துறீங்களா?"

"அதே அலுமினிய பம்பர்தான் சார். நாலு நாளா உப்புத்தாள் போட்டுத் தேச்சு, பாலிஷ் ஏத்தியிருக்கேன்," என்றாள் பட்டறைக்காரி.

"யார்கிட்ட கதை விடுறீங்க? புதுசு எது, பழசு எதுன்னு எனக்கா தெரியாது?"

"கொஞ்சம் குனிஞ்சு உள்பக்கம் பாருங்க சார்."

குனிந்தார். பம்பரின் உள்பக்கம் மட்டும் கறுத்துக் கிடந்தது. அதில் அவர் அப்பா ஆணியால் கீறிய கார் நம்பர் அப்படியே இருந்தது. விரலால் தடவிப் பார்த்தார். எழுந்ததும் பம்பரில் பளிச்சென்று தெரிந்தது அவருடைய அசடு வழியும் முகம்.

"மன்னிச்சுக்கம்மா. பெரிய கைக்காரிதான் நீ!" என்று விசிட்டிங் கார்டைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

உள்ளே வேலையாக இருந்த கணவன் பொருமிக்கொண்டே வந்தான். "அந்தக் கத்துக் கத்தினாரு, நீ என்னடான்னா சிரிக்கிறே!"

"இதைவிட நல்ல சர்டிபிகேட்டை வேற யாரு குடுப்பா? படிங்க," என்று கார்டை நீட்டினாள்.

படித்தான்.

'எல்லாக் கார்களுக்கும் புத்தம் புதிய பம்பர்கள் கிடைக்கும். முப்பது வருட அனுபவம்.'