வேலியோரம் ஓர் இலைத்தட்டு

ஆட்கொல்லிப் புலியைக் கூண்டு வைத்துப் பிடிப்பதா, காட்டிலேயே விடுவதா என்று வனத்துறை அதிகாரி திலக் மறுநாள் அறிக்கை கொடுக்க வேண்டும். நேபாளத்தில், கர்னாலி ஆற்றோரத் தாரு பழங்குடிக் கிராமத்தில், சுக்னி நடத்தும் ஹோம்ஸ்டேயில் தங்கியிருந்தான்.

“பிடிச்சிராதீங்க தம்பி,” என்றாள் சுக்னி. அவன் வந்ததிலிருந்து இதே பாட்டு.

“புலி போயிட்டா உங்க ஹோம்ஸ்டேக்கு ஆள் வராதுன்னு பயமா அக்கா?”

அவள் எழுந்தாள். இலைத்தட்டில் அரிசிக் கொழுக்கட்டையும் ஓட்டோடு சமைத்த நத்தைக் குழம்பும் எடுத்துப்போய், காட்டைப் பார்த்தபடி வேலியோரம் வைத்துவிட்டு வந்தாள். பொழுது சாய்ந்திருந்தது. காட்டில் ஒரு பறவைகூடக் கத்தவில்லை.

“புலிக்கு விருந்தா? நத்தையை உறிஞ்சித் திங்க அதுக்குத் தெரியுமா?”

“கேலி போதும். காட்டுல வச்ச கேமராவுல புலி விழுந்துச்சாமே, காட்டுங்க.”

காட்டினான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, படத்திலிருந்த புலியின் வயிற்றை விரலால் மெல்லத் தடவினாள்.

திலக் படத்தைப் பின்னுக்கு இழுத்தான். “என்னக்கா இது? புல்லறுக்கப் போன மனுஷனை எலும்புகூட மிச்சமில்லாம தின்ன புலி!”

“தெரியும் தம்பி. எரிக்க ஒரு விரல்கூடக் கிடைக்கல. என் வீட்டுக்காரர் இப்ப இருக்கறது அதுக்குள்ளதான். அதையும் கொண்டுபோயிட்டா, நான் எந்தப் பக்கம் பாத்துச் சோறு வைப்பேன்?”

அவன் அறிக்கை எழுத எடுத்த பேனாவைக் கீழே வைத்தான்.

“அவருக்கு நத்தைன்னா உயிரு,” என்றாள்.

வேலிப் பக்கமிருந்து, நிதானமாக, ஒவ்வொன்றாக, யாரோ நத்தை உறிஞ்சும் சத்தம் கேட்டது.